பிழியக்கூடாத பை

நான் வேலையை விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். மாதக் கடைசியும் இல்லை, வருடக் கடைசியும் இல்லை. கேக் வெட்டவில்லை. வாழ்த்து அட்டையில் ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கவுன்ரரில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது அந்தக் கடையில் நிற்கும் பிள்ளைகள் என்னைப் பிளாசாவில் கண்டால் விடுகிறார்கள் இல்லை. "அன்ரி, முதலாளி ஸ்டானோட சண்டை பிடிச்சோ போனனீங்கள்?" என்று ஒருத்தி கேட்டாள். "ஏதும் வருத்தமோ?" என்று மற்றவள். முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கும்போது தொடங்கிச் சொல்லி முடிக்கிற கதையா அது? ஆகவேதான் எழுதுகிறேன்.

முதலில் கடையைச் சொல்கிறேன். ஸ்காபரோவில், கெனடி வீதிப் பக்கம் ஒரு பிளாசா. ஒரு பக்கம் உடுப்புத் தோய்க்கும் இடம், மற்றப் பக்கம் ரயர் மாற்றும் இடம், நடுவில் நாங்கள். அது பியர் விற்கும் கடை இல்லை. வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்குவது கிற். ஒரு தகரப்பேணிக்குள் அடைத்த மோல்ற் என்கிற பார்லிப் பாணி, புளிக்கவைக்கிற ஈஸ்ற் ஒரு சின்னப் பைக்கற், ஒரு துண்டுக் கடதாசியில் செய்முறை. பாணியைச் சுடுதண்ணீரில் கரை, ஒரு பை சீனி கொட்டு, வாளி நிரம்பத் தண்ணீர் விடு, ஈஸ்ற்றைத் தூவி மூடு. சின்னப்பிள்ளையும் செய்யலாம். பியரும் வரும். ஆனால் அது மெலிந்துபோன பியர், சீனித்தண்ணீர் நாள்பட்டது மாதிரி இருக்கும் என்று குடித்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

அந்த முகச்சுளிப்போடு இரண்டாம் முறை வருகிறவர்களுக்குத்தான் என் கவுன்ரர். கிற்றை விடவேண்டியதில்லை. சீனியைக் குறைத்துவிட்டு, முளைகட்டிக் காயவைத்த பார்லியை ஊறவைத்து அந்தச் சாற்றைச் சேர்க்கலாம். ஹொப்ஸ் என்கிற கொடிப் பூவைப் போட்டு மணம் ஏற்றலாம். என் முதுகுக்குப் பின்னால் தானிய வாளிகள் வரிசையாக இருக்கும். ஒன்று பொன்னிறம், ஒன்று பனங்கட்டி நிறம், ஒன்று கோப்பிக்கொட்டை போலக் கறுப்பு. பக்கத்தில் ஹொப்ஸ் வைத்த ஃபிறீசர். நிறுப்பது, உருளைகளுக்கு நடுவே விட்டு உடைப்பது, மணந்து பார்ப்பது, செய்முறை சொல்லிக் கொடுப்பது. இருபது வருடத்துக்கு மேல் இதுதான் என் பிழைப்பு.

இதைக் கேட்டதும் எல்லாருக்கும் வரும் கேள்வி எனக்கு மனப்பாடம்: நீ குடிப்பாயா? நான் குடிப்பதில்லை. குடிகாரத் தகப்பன், கோயில் நேர்த்தி என்று ஏதாவது கதை வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்படி ஒரு கதையும் என்னிடம் இல்லை. எனக்குக் குடிக்க விருப்பமில்லை, அவ்வளவுதான். பிறகு எப்படி வேலை செய்தாய் என்றால், ஈஸ்ற் போடும்வரை அது வெறும் இனிப்புத் தண்ணீர். பாணி, தானியச் சாறு, ஹொப்ஸ் கொதித்த கசப்பு எல்லாவற்றையும் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். ஈஸ்ற் விழுந்தபின் என் நாக்குக்கு அதில் வேலை இல்லை. அங்கிருந்து மூக்கு. மூக்கால் முடியாததற்கு ஸ்டான் இருந்தார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒன்றும் பெரிய விசயம் இல்லை. அகதியாக வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பிஸ்கற் பெட்டி அடைக்கும் ஃபக்ரறி ஒன்றில் நின்றேன். அதை மூடிவிட்டார்கள். டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த மாடியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு கண்ணாடிக் கதவில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது. உள்ளே போனேன். வறுத்த தானிய வாசம் மூக்கில் ஏறியது. அந்த வாசத்துக்காகவே வேலை கேட்டேன் என்றால் பொய்யில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"சாராயக் கடையிலயோ நிக்கப்போறீர்?"

"சாராயம் இல்லை. சாமான்."

"என்ன சாமான்?"

"பார்லி. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவிச்சுத் தாறனே, அந்தப் பார்லி."

அவர் பேப்பரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஸ்டான்தான் கடைக்காரர். நெடுத்த மனிதர், கொஞ்சம் கூனல், சாம்பல் நிற ஏப்ரன். கத்திப் பேசமாட்டார். அவர் பேசியது ஆங்கிலம், இங்கே தமிழில் தருகிறேன். என் முழுப்பெயர் பரமேஸ்வரி. அதை ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு, "பரா என்று கூப்பிட்டால் கோபிப்பாயா?" என்று கேட்டார். வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "யார் குடிக்கப்போகிறார்கள்?" என்பதுதான். மாமனாருக்கு என்றால் ஒரு தானியம், மீன் பிடிக்கப் போகும் சிநேகிதர்களுக்கு என்றால் வேறு தானியம். பதில் சொல்லாதவருக்கு நிறுத்துக் கொடுக்கமாட்டார்.

முதல் நாள் என்னைத் தானியம் ஊறவைக்கச் சொன்னார். "உடை, மாவாக்காதே. மணி இரண்டு மூன்றாக வெடித்தால் போதும், உமி முழுசாகக் கிடக்கவேண்டும்." உடைத்ததைத் துணிப்பையில் போட்டுத் தண்ணீருக்குள் இறக்கினோம். தண்ணீர் கொதிக்கக்கூடாது. வெப்பமானியில் அறுபத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவே நிற்கவேண்டும். அரை மணித்தியாலம். பிறகு பையை மேலே தூக்கி, பானைக்கு மேல் பிடித்து வடியவிடச் சொல்லிவிட்டு அவர் ரெலிபோன் எடுக்கப் போனார்.

பை என் கையில். பழுப்புச் சாறு சொட்டுச் சொட்டாக விழுகிறது. உள்ளே இன்னும் எவ்வளவோ நிற்கிறது என்று பாரத்தில் தெரிகிறது. யாழ்ப்பாணத்துப் பெண் வேறென்ன செய்வாள்? பிழிந்தேன். தேங்காய்ப்பூ பிழிந்தே வளர்ந்த கை, அதற்குக் கட்டளை தேவையில்லை. முறுக்கி, திருப்பி முறுக்கி, கடைசிச் சொட்டுவரை எடுத்தேன். போதாததற்குக் கேத்திலில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றி இரண்டாம் பாலும் எடுத்துவிட்டு, நல்ல வேலைக்காரி என்ற பெருமையோடு நின்றேன்.

ஸ்டான் வந்து பையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். இன்னொரு பை ஊறவைத்து, அதைத் தானே வடியவிட்டு, இரண்டு சாற்றையும் இரண்டு கோப்பையில் ஆறவைத்துத் தந்தார். அவருடையது நல்ல இனிப்பு, பாணி மணம். என்னுடையதும் முதலில் இனிப்புத்தான். விழுங்கியபிறகு நாக்கின் இரண்டு கரையையும் பிடித்து இழுத்தது. வாழைப்பொத்தியைப் பச்சையாகக் கடித்தது போல. கயர்.

"உமியில் இருக்கிற கயர்," என்றார். "பிழிந்தாலும் வரலாம், கொதிதண்ணீர் பட்டால் இன்னும் வரும். சிலவேளை வராமலும் விடும். வந்தால் பியரைவிட்டுப் போகாது. இதற்கு மணமும் இல்லை, மூக்கால் கண்டுபிடிக்க ஏலாது." பிறகு, "மறுபடி" என்றார். அவர் வாயிலிருந்து 'பிழை' என்ற சொல்லை நான் கேட்டதே கிடையாது. மறுபடி என்பார், அவ்வளவுதான்.

மறுபடி ஊறவைத்தேன். பை வடிகிறபோது கை தானாக எழும்பியது. "பரா, பையைக் கொக்கியில் கொழுவு. கையைப் பொக்கெற்றுக்குள் வை." சொன்னவர் தன் கைகளையும் ஏப்ரன் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டார். இருவரும் கையைக் கட்டிப்போட்ட மாதிரி நின்று பை வடிவதைப் பார்த்தோம். சும்மா நிற்கச் சம்பளம் தந்த முதல் முதலாளி அவர்தான்.

ஹொப்ஸை நான் வேகமாகப் பிடித்துக்கொண்டேன். பேணிப் பாணியில் கசப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதனால் ஹொப்ஸை நேரம்போட்டுக் கொதிக்கவைக்கத் தேவையில்லை. தானியச் சாறு கொதித்து இறக்கப்போகிற நேரத்தில் போடவேண்டும், ரசத்துக்கு மல்லித்தழை போடுகிற பதம். முந்திப் போட்டால் மணம் முழுக்க ஆவியாகக் கூரைக்குப் போய்விடும். பூவை அரைத்து இறுக்கின உருண்டையில் நாலை உள்ளங்கையில் தேய்த்து மூக்கோடு சேர்த்து மணப்பார் ஸ்டான். நல்லதென்றால் தோடம்பழத் தோல், வெட்டின புல், சிலவேளை மிளகு. பழுதானதென்றால் தோய்க்காத சொக்ஸ். அந்த மணம் வந்த பைக்கற்றைப் பாதி விலைக்குக்கூட விற்கவிடமாட்டார். சில மாதங்களில் அந்த வேலை முழுவதும் என் மூக்கிடம் வந்துவிட்டது. எங்கட சனமும் வரத் தொடங்கியது. ஒருவர் தானியத்தை மிளகாய் வறுக்கிற தாச்சியில் இன்னொருதரம் வறுத்துக் காய்ச்சிவிட்டு, தும்மலோடு வந்து நின்றார்.

ஆனால் கடையின் பெயர் நின்றது ஸ்டானின் நாக்கில். காய்ச்சின பியரில் ஏதோ கோளாறு என்றால் ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, "வாளியைச் சரியாகக் கழுவவில்லை" என்பார். "வெயில் பட வைத்திருக்கிறாய்" என்பார். வந்தவர் வாயைப் பிளப்பார். அதைக் கேட்கவே ஓசாவாவிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

இனிப் பூமணி அக்கா. முதலில் எங்கள் மாடியில் இருந்து, பிறகு அஜக்ஸில் வீடு வாங்கிப் போனவர். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் கண்டோம். சோற்றுக்கு வரிசையில் நிற்கிறோம், முன்னும் பின்னும் தெரிந்த முகங்கள்.

"என்ன பிள்ளை, பியர்க் கடையில நிக்கிறியாம். ருசி பாக்கிற வேலையோ?"

வரிசை சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஈஸ்ற்றுக்கு முன்னம், ஈஸ்ற்றுக்குப் பின்னம் என்று அங்கே நின்று விளக்கம் சொல்ல ஏலுமா?

"அக்கா, பியர் ஒரு சொட்டு என்ர வாயில பட்டால் அண்டைக்கே வேலையை விடுவன். இந்தக் கோயில்ல நிண்டு சொல்லுறன், பாத்துக்கொண்டிருங்கோ."

"சரி சரி, என்னத்துக்குக் கத்திறாய்," என்று அவர் தட்டை நீட்டினார்.

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அது எனக்கு ஒரு பிடி மாதிரி ஆகிவிட்டது. என் வேலையே வாய் வார்த்தைதான். இந்த ஹொப்ஸ் பழசு, எடுக்காதீர்கள் என்று நான் சொன்னால் ஆட்கள் கேள்வி கேட்காமல் திரும்ப வைத்துவிடுவார்கள். தன் சொல்லைத் தானே காப்பாற்றாதவள் சொன்னால் யார் வைப்பார்கள்? அப்படித்தான் யோசித்தேன். இப்போதும் அப்படித்தான் யோசிக்கிறேன்.

சில வருடம் கழித்து ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றவர் யாரென்றால், பூமணி அக்காவின் புருசன். லொறி ஓடுகிறவர், சிவநேசன் அண்ணை.

"பிள்ளை, நான் வந்ததை அவவுக்குச் சொல்லிப்போடாதை."

"நான் ஏன் அண்ணை சொல்லுறன். ஆர் குடிக்கப்போகினம்?"

"நான்தான். வேற ஆர்?"

சீனி போட்ட கிற்றில் தொடங்கி, ஒரு வருடத்துக்குள் தானியமும் ஹொப்ஸும் சேர்க்கும் நிலைக்கு வந்துவிட்டார். கள்ளமும் நிலைக்கவில்லை. அஜக்ஸ் கராஜில் வாளி வாளியாக நிற்பதைப் பூமணி அக்கா எத்தனை நாளைக்குக் காணாமல் இருப்பார்? சண்டை போட்டுக் களைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கராஜைக் கடந்துபோகப் பழகிவிட்டாராம்.

அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் ஸ்டானுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். நோய் போனது, அவரும் அரைவாசியாகித் திரும்பி வந்தார். வந்த முதல் வாரம் ஒருவர் போத்தல் கொண்டுவந்தார். நான்தான் பின்னறையில் கிளாசில் ஊற்றினேன். ஊற்றும்போதே வினாகிரி மணம் மூக்கில் அடித்தது. ஸ்டான் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, "நன்றாக இருக்கிறது" என்றார்.

ஆள் போனபிறகு கேட்டேன். கிளாசைக் கீழே வைத்தார். "வாய் காய்ந்து கிடக்கிறது, பரா. எதைப் போட்டாலும் கடதாசி மட்டை. டொக்ரர் திரும்பி வரலாம் என்கிறார், வராமலும் போகலாம் என்கிறார்." பிறகு சொன்னார்: "அவர்கள் இந்த நாக்கை நம்பித்தான் வருகிறார்கள். கொஞ்ச நாள் பார்ப்போம். யாருக்கும் சொல்லாதே."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவருக்கு இன்னும் கஷ்டம் என்று ஃபிறீசருக்குள் தலையை விட்டு எதையோ தேடினேன். அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். போத்தல் வந்தால் பின்னறையில் நான் ஊற்றி, மணந்து, அவர் காதில் சொல்வேன். அவர் வெளியே போய் ஒரு வாய் குடித்துவிட்டு அதையே சொல்வார். பியரின் கோளாறுகளில் பெரும்பாலானவை மணத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் சொன்னது ஒன்றும் பிழையாகப் போகவில்லை. கயர் வந்தால் மட்டும் என்ன செய்வது என்ற பயம் எங்கள் இருவருக்கும் இருந்தது.

ஒரு வருடம் இப்படி ஓடியது. அப்போது சிவநேசன் அண்ணையின் மகளுக்குக் கல்யாணம் ஒப்பேறியது. ரிசெப்ஷனில் ஒவ்வொரு மேசையிலும் அப்பா காய்ச்சின பியர்தான் இருக்கவேண்டும் என்று மகள் கேட்டுவிட்டாள். மனுசன் நிலத்தில் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீடு, லொறிச் சிநேகிதர்கள், கோயில் ஆட்கள், ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். "மகள் என்னட்டை வாய்விட்டுக் கேட்டது இது ஒண்டுதான், பிள்ளை," என்று என்னிடம் சொன்னார். ஆறு வாளிக்கு வேண்டிய கிற்றும் தானியமும் ஹொப்ஸும் நானே நிறுத்துக் கொடுத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேருமாக வந்தார்கள். பூமணி அக்கா எங்கள் கடைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார். அண்ணையின் கையில் ஒரு போத்தல், வாளியிலிருந்து எடுத்தது.

"போத்தில்ல அடைக்க முன்னம் ஸ்டான் ஒருக்காப் பாத்துச் சொல்லட்டும் எண்டு கொண்டந்தனான். எனக்கெண்டால் நல்லாத்தான் கிடக்கு."

அவருக்கு எப்போதும் நல்லாத்தான் கிடக்கும். சாயம் கறுக்கக் கறுக்கப் பால் விடாமல் தேத்தண்ணி குடிக்கிற மனுசன். அந்த நாக்குக்குக் கயர் பழகிப்போன சாமான்.

"அவ்வளவு பையையும் தனியவோ அண்ணை வடிய விட்டனீங்கள்?" என்று சும்மாதான் கேட்டேன்.

"நான்தான் உதவி செய்தனான்," என்றார் பூமணி அக்கா, தலைப்பைக் கொஞ்சம் இறக்கி. "இந்தாள் பையைத் தொங்கவிட்டிட்டுச் சும்மா நிண்டவர். எவ்வளவு சாறு வீணாப் போகுது! அவர் அங்கால போன நேரம் வடிவாப் பிழிஞ்சு, கொதிதண்ணி விட்டு இரண்டாம் பாலும் எடுத்துக் குடுத்தனான். அவ்வளவு வாளிக்கும் நான்தான்."

அண்ணையின் முகம் வெளிறியது. அவருக்கே அது அப்போதுதான் தெரியவந்தது. பூமணி அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பியர் என்ற பெயரைக் கேட்டாலே முகம் திருப்புகிறவர், மகளுக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று கை வலிக்கப் பிழிந்திருக்கிறார். அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? நானும் அதைத்தானே முதல் நாள் செய்தேன்.

போத்தலை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். ஸ்டான் பின்னால் வந்தார். ஊற்றி மணந்தேன். சுத்தமான மணம், தானியமும் ஹொப்ஸும் சரியாக நின்றன. நடந்ததை அவருக்குச் சொன்னேன்.

"வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம்," என்றார். கிளாசை என்னிடமிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கல்யாணத்துக்கு எத்தனை நாள்?"

"ஒரு மாதம்."

இருவருக்கும் கணக்குத் தெரியும். பழுதென்றால் அன்றைக்கே திரும்பத் தொடங்கினால்தான் பியர் புளித்துத் தெளிந்து கல்யாணத்துக்குத் தயாராகும். பழுதில்லாததைப் பழுதென்று சொன்னால் ஆறு வாளி நல்ல பியரை மனுசன் சாக்கடையில் ஊற்றுவார். பழுதை நல்லதென்று சொன்னால் மண்டபம் முழுக்க வாயைக் கோணும், அந்தப் பெண் தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"நான் போய் உண்மையைச் சொல்கிறேன்," என்றார் ஸ்டான். "என் நாக்கு செத்துவிட்டது, வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்று."

"வேறு யாரிடம், ஸ்டான்? நல்ல நாக்கைத் தேடிக்கொண்டு இன்றைக்கு எங்கே போவார்கள்?"

என் நாக்கு இருந்தது. இருபது வருடம் சாற்றில் கயரைத் தேடிப் பழகிய நாக்கு. அதை வைத்துக்கொண்டு நான் சும்மா நின்றால், கோயிலில் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒரு தகப்பனை மண்டபத்துக்கு நடுவில் வெட்கப்படவைத்தவள் ஆவேன். பின்னறையில் கதவைச் சாத்திவிட்டு ஒரு வாய் பார்த்திருக்கலாம். ஸ்டான் வாய்திறந்திருக்கமாட்டார். வேலையும் மிஞ்சியிருக்கும். அந்தக் கள்ளத்தனம் எனக்கு ஒத்துவராது. கிளாசை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கவுன்ரருக்கு முன்னால், பூமணி அக்கா பார்க்க, ஒரு வாய் எடுத்தேன்.

கசந்தது. குளிர்ந்திருந்தது. பிறகு, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த இழுப்பு வந்தது. நாக்கின் இரண்டு கரையையும் பிடித்து, பல் முரசுவரை போனது. கவுன்ரர் ஓரத்துக் கை கழுவும் தொட்டியில் துப்பினேன்.

"கயர்க்குது அண்ணை. எல்லாத்தையும் ஊத்துங்கோ. இண்டைக்கே திரும்பப் போடுவம், நேரம் கிடக்கு."

"ஸ்டான் பாக்கேல்லையே?" என்றார் அண்ணை.

ஸ்டான் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். "எனக்கு ருசி தெரியாது, சிவா," என்றார். "ஒரு வருடமாகத் தெரியாது. பரா சொன்னால் சரி."

பூமணி அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நானோ பழுதாக்கினது?" என்று மெல்லக் கேட்டார்.

"நானும் முதல் நாள் அதைத்தான் அக்கா செய்தனான். எங்கட கை அப்பிடி."

ஆறு வாளிக்கும் திரும்ப நிறுத்தேன். பொன்னிறத்தில் கூடுதலாக, பனங்கட்டி நிறத்தில் கொஞ்சம். உடைத்தேன். ஹொப்ஸ் பைக்கற் ஒவ்வொன்றையும் வெட்டி, தேய்த்து, மணந்து, மூடிக் கட்டினேன். அதுதான் நான் நிறுத்த கடைசிச் சாமான் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பிறகு ஏப்ரனைக் கழற்றி மடித்தேன். ஸ்டானுக்குக் கோயில் கதை தெரியும், ஒருநாள் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன். அவர் ஏப்ரனைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார்.

"நீ விழுங்கவில்லை, பரா. துப்பிவிட்டாய்."

"வாயில் பட்டால் என்றுதான் சொன்னேன். வயிற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை."

"அதெல்லாம் யார் கணக்கில் எடுக்கப்போகிறார்கள்?"

"நான் எடுப்பேன்."

அவர் 'மறுபடி' என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நான் இளகியிருப்பேன். சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கு வேலை செய்யக்கூடிய வருடங்கள் இன்னும் இருந்தன. அந்தக் கடையை நான் விரும்பினேன். அண்ணையின் காரில் ஏறிப் பின் கதவைச் சாத்தியதும் கண்ணீர் கொட்டியது, அதைத் துடைத்துக்கொண்டேதான் அஜக்ஸ் போனேன்.

நாலு நூற்றி ஒன்று நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. முன் சீற்றிலிருந்து பூமணி அக்கா திரும்பினார்.

"ஏனடி பிள்ளை அழுகிறாய்? வேலையை விட்டிட்டியோ? என்னாலயோ?"

"இல்லை அக்கா. அண்டைக்குக் கோயில்ல உங்களுக்குச் சொன்னனானெல்லே."

"என்ன சொன்னனி?"

"பியர் ஒரு சொட்டு வாயில பட்டால் வேலையை விடுவன் எண்டு. சோத்து வரிசையில."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எனக்கு நினைவே இல்லையேடி."

இருபது வருடமாக யாருக்கு முன்னால் தலைகுனியக்கூடாது என்று இருந்தேனோ, அந்த மனிசிக்கு நினைவே இல்லை. கொஞ்சத் தூரம் போகச் சிரிப்பு வந்தது. அவருக்கு மறந்தால் என்ன? சொன்னது நான். எனக்கு மறக்கவில்லை.

கராஜில் பானைகளை ஏற்றினோம். தண்ணீர் எழுபதைத் தாண்டாமல் வெப்பமானியும் கையுமாக அண்ணை நின்றார். அரை மணித்தியாலம் ஊறியபின் பைகளைத் தூக்கிக் கொக்கிகளில் கொழுவினோம். சாறு வடிந்தது. பூமணி அக்காவின் கை மெல்ல மெல்ல எழும்பியது.

"அக்கா, கையைக் கோட் பொக்கெற்றுக்குள்ள வையுங்கோ."

வைத்தார். நானும் வைத்தேன். மூன்று பேரும் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு பை வடியும்வரை அசையாமல் நின்றோம். பிறகு சாற்றைக் கொதிக்கவிட்டு, இறக்குகிற நேரம் ஹொப்ஸ் போட்டு, பேணிப் பாணியைக் கரைத்தோம். ஆறியபின் ஒவ்வொரு வாளியிலும் கரண்டி விட்டு ருசி பார்த்தேன். கயர் இல்லை. ஈஸ்ற் போடச் சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவி வைத்தேன்.

அடுத்த நாளே ஸ்டான் வருகிறவர்களிடமெல்லாம் தன் நாக்கைப் பற்றித் தானே சொல்லத் தொடங்கிவிட்டாராம். ஆட்கள் வராமல் விடவில்லை. என்னைத் திரும்பி வரச் சொல்லி இரண்டு தடவை ரெலிபோன் எடுத்தார். போகவில்லை. வாடிக்கையாளாகப் போய்வருகிறேன், புது ஹொப்ஸ் வந்தால் மணந்து பார்த்துச் சொல்கிறேன், அதற்குச் சம்பளம் வாங்குவதில்லை.

கல்யாணத்துக்குப் போனேன். மேசைக்கு மேசை அண்ணையின் போத்தல்கள், மகளின் படம் ஒட்டியது. ஊற்றுகிற ஒவ்வொருவரின் முகத்தையும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சோடாவை வைத்துக்கொண்டு இருந்த என்னிடம், பட்டுச்சேலையோடு பூமணி அக்கா ஒரு கிளாசைக் கொண்டுவந்தார்.

"இந்தா. இப்ப நீ வேலையில இல்லைத்தானே. இனி ஆர் என்ன சொல்லுறது? ஒரு வாய் குடிச்சுப் பார்."

வாங்கி மணந்தேன். தோடம்பழத் தோல், பாணி. சுத்தமாக இருந்தது. திரும்ப நீட்டினேன்.

"நல்லா வந்திருக்கு அக்கா. எனக்கு வேண்டாம். குடிச்சுப் பாத்த ஒண்டு போதும்."

"அப்ப இதை என்ன செய்யிறது?"

சுற்றும்முற்றும் பார்த்தார். தலைப்பு மூக்குக்குப் போகவில்லை. கிளாசைத் தூக்கி ஒரு மிடறு வாய்க்குள் விட்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார்.

"கயர்க்கேல்லைப் பிள்ளை," என்றார்.

பியரான பிறகு என் மூக்கால் அறிய முடியாதது அது ஒன்றுதான். அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.